கியூபா சுருட்டின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்பர் கியூபாவிலிருந்து ஒரு ரொபஸ்டோ (குட்டையான, தடித்த சுருட்டு) கொண்டுவந்தார், அது நல்லதா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

பற்றவைக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும். ரொபஸ்டோ என்றால் 124 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு விரலால் முனைக்கு முனை மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கும் ஒரே மாதிரி அமுங்கி எழ வேண்டும். ஓரிடம் கல் மாதிரி இருந்தால் அங்கே இலை அடைத்திருக்கிறது, புகை வராது. பொதபொதவென்று இருந்தால் சூடேறிக் கசக்கும். சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்துபோய்விட்டது.

அப்புறம் வாயில் வைக்கும் முனையை லேசாகச் சீவுங்கள். (நம் 'சுருட்டு'தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது, அதற்கு இந்த வேலையே இல்லை, இரு முனையும் திறந்தே இருக்கும்.) பற்றவைக்காமல் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வரவேண்டும்.

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் வாடை ஒட்டிக்கொள்ளும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் வைத்து வெளியே விடுங்கள். அப்போதும் வாய்ப்புற்று அபாயம் உண்டு. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். நடுவில் வைக்கும் 'லிஹேரோ' இலை காரமானது, மெதுவாக எரியும். சுருட்டைச் சுற்றியவர் அந்த இலையை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தால் சுருட்டு கோணலாக எரியும். நல்ல சுருட்டில் ருசி போகப்போக மாறும்: தொடக்கத்தில் மரவாசனை, பாதியில் காபியோ கொக்கோவோ, கடைசியில் மிளகுக் காரம்.

வெள்ளைச் சாம்பல்தான் உசத்தி என்பார்கள். நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சாம்பலின் நிறம் மண்ணிலுள்ள தாதுக்களைப் பொறுத்தது.