கிரகரி வாவியும் ஏப்ரல் கூட்டமும்

கேள்வி: நுவரெலியா கிரகரி வாவி இயற்கையானதா? பிள்ளைகளோடு போக எந்த மாதம் நல்லது?
– வாசகி, வந்தாறுமூலை

பதில்: மனிதர் கட்டியதுதான், தங்கச்சி. முன்பு அது சதுப்பு நிலம். பிதுருதலாகலை மலையிலிருந்து வரும் ஓடையை மறித்து, ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் அமைத்தார்கள். நம்ம மட்டக்களப்பு வாவி அப்படியல்ல. கடலோடு கலக்கும் இயற்கை நீர்நிலை. அந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஏப்ரலில் மட்டும் வேண்டாம். வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு நாடே அங்கே திரண்டுவிடும், அறை வாடகையும் ஏறிவிடும். மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்தான் என் விருப்பம். நீண்ட வார இறுதி ஒன்று கிடைத்தால் போதும்.

போகும் வழியைக் கேட்டால், செங்கலடியில் திரும்பும் பதுளை வீதிதான் ஏ5 நெடுஞ்சாலை. அதுவே நுவரெலியாவையும் தொட்டுப் பேராதனை வரை போகிறது. பிபிலை தாண்டினால் வளைவுகள். சின்னவர்களுக்கு வயிற்றைப் புரட்டும், வெறும் வயிற்றிலும் வேண்டாம், நிறையக் கொடுக்கவும் வேண்டாம்.

வாவிக்கரைப் பூங்காவில் மிதிபடகு, மட்டக்குதிரை எல்லாம் உண்டு. படகில் பாதுகாப்பு அங்கி போடாமல் பிள்ளையை ஏற்றவே ஏற்றாதீர்கள். அப்புறம், வெயில் தெரிகிறதே என்று ஸ்வெட்டரை வாகனத்தில் விட்டுவிடாதீர்கள். நாலு மணிக்கே குளிர் இறங்கிவிடும்.