வெனிஸில் ஒரு பகல், ஐம்பது யூரோ

கேள்வி: மே மாதம் அலுவலகப் பயிற்சிக்காக மிலான் போகிறேன். பயிற்சி முடிந்ததும் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. வெனிஸைத் தனியாகச் சுற்றிப் பார்க்க ஆசை. தங்கும் செலவு போக ஐம்பது யூரோதான் ஒதுக்க முடியும். நான் சைவம். கொண்டோலாப் படகில் ஏறாமல் வெனிஸ் போய் என்ன பயன் என்று தோழிகள் கேட்கிறார்கள். முரானோ, புரானோ தீவுகளையும் அன்றே பார்த்துவிடலாமா? இருட்டிய பிறகும் ஒரு பெண் தனியாக நடமாட முடியுமா?
— கோவை வாசகி

பதில்: ஐம்பது யூரோ போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஆனால் காலையில் மிலானில் ரயிலேறி, மாலையில் திரும்புவது என்று திட்டம் போட்டிருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அதிவேக ரயிலிலேயே இரண்டரை மணி நேரத்துக்கு நெருங்கிவிடும். நீங்கள் போய்ச் சேரும் பத்து, பதினொரு மணிக்குத்தான் பகல் பயணிகளின் முழுக்கூட்டமும் வந்து இறங்கும். வெனிஸ் அழகாக இருப்பது காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைக்கும், பிறகு மாலை ஆறுக்கு மேலும். இந்த இரண்டு வேளையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். முந்தின இரவே மெஸ்ட்ரேயில் வந்து தங்குங்கள்.

மெஸ்ட்ரே கரைநிலத்தில் இருக்கும் சாதாரண ஊர். தங்குவதற்குத் தீவை விட மலிவு. அங்கிருந்து வெனிஸின் சாந்தா லூசியா நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம், ஒன்றரை யூரோ. 1846இல் கட்டிய பாலத்தின் மேல் ரயில் காயலைக் கடக்கும்போது இருபுறமும் தண்ணீர்தான். காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததற்காக அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு.

மெஸ்ட்ரேயில் தங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் வெனிஸ் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. முன்கூட்டிப் பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் என்றால் 10 யூரோ. காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை இது செல்லும். மே மாத வார இறுதிகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வந்துவிடும். மெஸ்ட்ரே அதே நகராட்சி எல்லைக்குள் இருப்பதால், அங்கே இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் விலக்கு தானாக வராது. நகராட்சியின் தளத்தில் தங்குமிட விவரத்தைக் கொடுத்து, விலக்குக்கான கியூஆர் குறியீட்டை வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் ஓர் இரவுக்கான சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். அதைத் தங்கும் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்குச் சாந்தா லூசியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிக்கட்டு, அதற்குக் கீழே பெருங்கால்வாய். வந்தவர்கள் எல்லோரும் இடதுபுறம் திரும்பி நினைவுப்பொருள் கடைகள் நிறைந்த தெருவில் நடப்பார்கள். நீங்கள் எதிரே தெரியும் ஸ்கால்ஸி பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய்விடுங்கள். சாந்தா குரோச்சே, சான் போலோ என்ற இரண்டு வட்டாரங்களின் வழியாக ரியால்டோ சந்தைக்கு அரை மணி நேர நடை. சுவர்களில் 'ரியால்டோ' என்று அம்புக்குறியோடு மஞ்சள் பலகைகள் இருக்கும். குறுகிய சந்துகளில் கைப்பேசி வரைபடம் தடுமாறும். அங்கே மஞ்சள் பலகையை நம்பலாம். வீட்டு எண்ணை வைத்து இடம் தேடுவது வீண். எண்கள் தெருவாரியாக இல்லாமல் வட்டாரம் முழுவதற்குமாகப் போவதால், நாலாயிரத்துச் சொச்சம் என்று கதவெண் வரும். யாரிடமாவது வழி கேட்பதாக இருந்தால் பக்கத்துச் சதுக்கத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தச் சிறு சதுக்கங்களை அங்கே காம்போ என்கிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொன்றின் நடுவிலும் செதுக்கிய கல்லால் ஆன கிணற்று விளிம்பு ஒன்று, மேலே இரும்பு மூடி போட்டு நிற்கும். அதைக் கடந்து போய்விடாமல் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். தளம் லேசாகச் சரிந்து, துளையிட்ட கற்களை நோக்கி இறங்கும். சுற்றிலும் உப்புநீர் இருக்கும் ஊரில் குடிநீருக்கு மழையைத்தான் நம்பினார்கள். சதுக்கத்தில் விழும் மழை அந்தத் துளைகள் வழியே இறங்கி, அடியில் களிமண் பூசிய பெரிய தொட்டியில் நிரப்பிய மணலில் வடிகட்டப்பட்டு, நடுக்கிணற்றில் ஊறும். நாம் மேலே பார்ப்பது வாயை மட்டும்தான்; சதுக்கம் முழுவதுமே கிணறு. 1884இல் கரைநிலத்திலிருந்து குழாய்நீர் வரும் வரை ஊர் இதைத்தான் குடித்தது. இன்றும் பல சதுக்கங்களில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, நல்ல தண்ணீர், காசு கிடையாது. ஒரு குப்பி கொண்டு போனால் நாளெல்லாம் தண்ணீர்ச் செலவே இல்லை.

ரியால்டோ சந்தை ஞாயிறு விடுமுறை. மீன்கூடம் திங்களும் மூடியிருக்கும். உங்களுக்கு வேண்டியது காய்கறிப் பக்கம்தான். மே மாதத்தில் சாந்தெராஸ்மோ தீவில் விளையும் ஊதாநிறக் கூனைப்பூ (ஆர்ட்டிச்சோக்) வந்திருக்கும். கடைக்காரர் ஒரு கையில் பூவைச் சுழற்றியபடியே இதழ்களைச் சீவித் தள்ளி, அடித்தட்டை மட்டும் எலுமிச்சை பிழிந்த வாளித் தண்ணீரில் போடுவார். நிறம் கறுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்தக் கைவேகத்தை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். செர்ரியோ ஸ்ட்ராபெரியோ கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பழத்தை நீங்களே தொட்டு எடுக்கக் கூடாது. கேட்டால் கடைக்காரரே எடுத்துத் தருவார்.

இனி தோழிகளின் கேள்வி. கொண்டோலாவுக்கு நகராட்சி நிர்ணயித்த விலை பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவில் 110. இது படகுக்கான வாடகை. ஐந்து பேர் ஏறினாலும் அதுதான், ஒருவர் ஏறினாலும் அதுதான். தனியாகப் போகிறவருக்கு இது ஏற்ற செலவே இல்லை. பெருங்கால்வாயைக் கடக்க நான்கு பாலங்கள்தான் இருக்கின்றன. அதனால் இடைப்பட்ட சில துறைகளில் மக்களை அக்கரைக்குக் கொண்டுவிட கொண்டோலா வகைப் படகே ஓடுகிறது. அதன் பெயர் திராகெத்தோ. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ, படகோட்டியிடமே சில்லறையாகக் கொடுக்கலாம். முன்னும் பின்னுமாக இருவர் துடுப்புப் போடுவார்கள். ரியால்டோ சந்தையை ஒட்டிய துறையிலிருந்து எதிரே சாந்தா சோஃபியாவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான். உள்ளூர்க்காரர்கள் நின்றபடியே போவார்கள். உங்களுக்குக் கால் நடுங்கினால் ஓரத்தில் உட்காரலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

அக்கரையிலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்தை நோக்கி நடக்கும்போது, வழியில் மலிப்ரான் அரங்கைக் கேட்டுப் போங்கள். மார்க்கோ போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடம் அது. பின்னால் இருக்கும் சிறு முற்றத்தில் பழைய வளைவு ஒன்று இன்னும் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும், அங்கே வந்திறங்கிய குதிரைகளையும், முத்துக்குளிப்பையும் சொல்லி எழுதவைத்தவர் வாழ்ந்த சந்து இதுதான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இந்த முற்றத்தில் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

சான் மார்க்கோவை ஒன்பது மணிக்குள் பார்த்துவிடுங்கள். சதுக்கத்தில் நிற்கக் கட்டணம் இல்லை. அங்கே உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று முழுவதுமாகச் சரிந்து விழுந்தது; அதே வடிவில் திரும்பக் கட்டி 1912இல் திறந்தார்கள். தேவாலயத்தின் முகப்பையும் அரண்மனையின் வெளித்தூண்களையும் இந்த வேளையில் நிதானமாகப் பார்க்கலாம். கோமகன் அரண்மனைக்குள் போக ஏறக்குறைய 30 யூரோ ஆகும். உங்கள் கணக்கில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும் என்பதால் இம்முறை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்குப் பதிலாக ஃபிராரி தேவாலயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 யூரோ. பலிபீடத்துக்கு மேலே டிஷியன் 1518இல் முடித்த, ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரமுள்ள 'மரியாளின் விண்ணேற்பு' ஓவியம், எந்த இடத்துக்காக வரைந்தாரோ அந்த இடத்திலேயே இருக்கிறது. ஓவியரின் கல்லறையும் அதே தேவாலயத்தில்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஒரு துப்பட்டா போதும்.

ஃபிராரிக்கு மதியம் போகலாம், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அதற்கு முன், சான் மார்க்கோவிலிருந்து அக்காதேமியா மரப்பாலம் வழியாக தோர்சோதூரோ வட்டாரத்துக்குப் போங்கள். அங்கே சான் திரோவாஸோ கால்வாயோரம் கொண்டோலா செய்து பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள். எதிர்க்கரையில் நின்றால் எல்லாமே தெரியும். மரமும் தச்சர்களும் வந்த மலைப்பகுதியின் பாணியில், மர உப்பரிகையோடு கட்டிய வீடு; அதன் முன் தண்ணீருக்குள் இறங்கும் சரிவில் படகுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒரு கொண்டோலாவில் எட்டு வகை மரம், ஏறக்குறைய 280 துண்டுகள். அடிப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. இடப்பக்கம் சுமார் 24 சென்டிமீட்டர் அகலம் கூடுதல். படகோட்டி ஒருவர், துடுப்பும் ஒன்று, அதுவும் வலப்பக்கம். சமமாகச் செய்தால் படகு ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். உடம்பையே கோணலாகச் செய்து அதை நேராகப் போக வைத்திருக்கிறார்கள். 90 யூரோ கொடுத்து மெத்தையில் உட்கார்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சாப்பாட்டில் ஒரு விதியை மறக்காதீர்கள்: நின்று சாப்பிட்டால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. மேசையில் உட்கார்ந்தாலே தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கைக் கட்டணம் சேர்க்கும் கடைகள் பல. சான் மார்க்கோ சதுக்கத்து இசைக்குழு வாசிக்கும் காபிக்கடைகளில் இசைக்கும் தனிக் கட்டணம் உண்டு. பாக்கரோ எனப்படும் சிறு கடைகளில், கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டித் துண்டுகளின் மேல் விதவிதமாக வைத்திருக்கும் சிக்கேத்தியை ஒவ்வொன்றாகக் காட்டி வாங்கலாம். கவனம்: வெண்ணெய்போல் வெள்ளையாகப் பூசியிருப்பது பெரும்பாலும் கருவாட்டு மீனை அடித்துச் செய்தது. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீனைத் தருவார்கள். அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது. 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்று இரண்டையும் சொல்லுங்கள். பாலாடைக்கட்டி, கூனைப்பூ, கத்தரிக்காய், காளான் என்று உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். காலையில் நின்றபடி ஒரு காபியும் ரொட்டியும், மதியம் நான்கைந்து சிக்கேத்தி, மாலையில் பெரிய பீட்சா துண்டு ஒன்று. எல்லாம் சேர்ந்து இருபது யூரோவுக்குள் அடங்கும். வாங்கியதைச் சான் மார்க்கோ சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், அபராதம் போடுவார்கள். புறாவுக்குத் தீனி போட்டாலும் அப்படித்தான்.

முரானோ, புரானோ வேண்டாம். புரானோவுக்குப் படகில் மட்டும் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, துறையில் வரிசை தனி. 75 நிமிடம் செல்லும் படகு டிக்கெட் ஒன்று 9.50 யூரோ, தீவுகளுக்குப் போய்வர 25 யூரோவுக்கு நாள் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பணமும் பாதி நாளும் போய், வெனிஸையும் பார்த்திருக்கமாட்டீர்கள். மாலையில் கிழக்கே கஸ்தெல்லோ பக்கம் நடந்து போங்கள். சலவைத் துணிகள் சந்துக்குக் குறுக்கே தொங்கும், பள்ளி விட்ட பிள்ளைகள் சதுக்கத்தில் பந்தாடுவார்கள். பழைய கப்பல்தளமான அர்செனாலேயின் வாசலில் கற்சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று 1687இல் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து எடுத்துவந்தது. அதன் தோள்களில், எப்போதோ அங்கே போன வட ஐரோப்பிய வீரர்கள் கீறிய ரூனிக் எழுத்துகள் இன்றும் தேய்ந்த நிலையில் தெரிகின்றன.

உங்கள் ஒரே படகு டிக்கெட்டை எட்டு மணி வரைக்கும் பத்திரமாக வைத்திருங்கள். அர்செனாலே துறையிலோ சான் ஸக்கரியா துறையிலோ நிலையத்தை நோக்கிப் போகும் 1ஆம் எண் படகில் ஏறுங்கள். ஏறும் முன் இயந்திரத்தில் டிக்கெட்டைக் காட்டிச் செல்லுபடியாக்க வேண்டும். இது எல்லாத் துறையிலும் நின்று போகும் மெதுவான படகு, அதனால்தான் இதைச் சொல்கிறேன். பெருங்கால்வாய் முழுவதையும் முக்கால் மணி நேரம் காட்டும். மே மாதத்தில் எட்டரையை ஒட்டித்தான் சூரியன் மறையும். மாளிகைகளில் விளக்கேற்றும் நேரத்தில் நடுக்கால்வாயில் இருப்பீர்கள். சில படகுகளில் முன்பக்கம் திறந்த இருக்கைகள் இருக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த படகுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காத்திருக்கலாம், தவறில்லை.

செலவைக் கூட்டிப் பாருங்கள் (மிலான் ரயில் தனி): மெஸ்ட்ரே ரயில் போகவர 3, திராகெத்தோ 2, ஃபிராரி 5, படகு 9.50, சாப்பாடு 20, கழிப்பறைக்கு இருமுறை என்று 3. நாற்பத்திரண்டரை யூரோ. மீதியை ஐஸ்கிரீமுக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையும் வேண்டும், திராகெத்தோவில் பெரிய நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

இருட்டிய பிறகு நடமாடலாம். வண்டிகளே இல்லாத ஊர். சந்துகள் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த அமைதி முதலில் பயமுறுத்தலாம், ஆனால் தாக்குதல், வழிப்பறி அபூர்வம். திருட்டு நடப்பது கூட்டத்தில்: படகில் ஏறும் நெரிசலிலும் ரியால்டோ பாலத்தின் மேலும். பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் கால்வாய்க்குள் இறங்கும் படிகளில் மட்டும் கால் வைக்காதீர்கள். கீழ்ப்படிகள் பாசி படிந்திருக்கும், வழுக்கினால் நேரே தண்ணீர்தான். மெஸ்ட்ரேக்கு இரவு வெகுநேரம் வரை ரயில் ஓடும். அதைத் தவறவிட்டாலும், நிலையத்திலிருந்து அரசியல் சாசனப் பாலத்தைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் பியாட்சாலே ரோமா. அங்கிருந்து மெஸ்ட்ரேக்கு பஸ்ஸும் டிராமும் இருக்கின்றன. விடுதியின் பெயரோடு பக்கத்து நிறுத்தத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; நாள் முழுக்கப் படம் எடுத்த கைப்பேசியில் அந்நேரம் சார்ஜ் இருக்காது.