சேர்ந்து படிக்கப் போகும் மகளை நினைத்துக் கவலைப்படும் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள், தினமும் சாயங்காலம் தோழிகள் மூன்று பேரோடு கிளை நூலகத்துக்குப் போய்விடுகிறாள், "நாலு பொண்ணுங்க ஒண்ணா உட்கார்ந்தா அரட்டைதானே" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். போக விடலாமா, நிறுத்திவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

போகட்டும் அம்மா. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை விசாரியுங்கள். ஒருத்தி புத்தகத்தை வாசிக்க, மற்ற மூவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்படிக் கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ஐங்குறுநூற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். திணைக்கு நூறு பாட்டு, ஐந்து திணைக்கும் ஐந்து புலவர்கள்: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். பத்து முறை காதில் விழுந்தாலும், தேர்வு அறையில் "பாலை பாடியவர் யார்?" என்று நான்கு பெயரைக் கொடுத்தால், ஓதலாந்தையாரா பேயனாரா என்று கை தயங்கும்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முந்தினார்கள். அதனால் வாசிப்பை மகள் வீட்டிலேயே தனியாக முடித்துக்கொள்ளட்டும். தோழிகளோடு உட்காரும் நேரம் ஒப்பிப்பதற்கு.

ஒப்பிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இதை நான் எல்லாப் பிள்ளைகளிடமும் வற்புறுத்திச் சொல்வேன். வாயால் மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கினால், வேகமாகப் பேசுகிறவளே எல்லா விடையையும் சொல்லிவிடுவாள். மற்றவள் மனசுக்குள் பிடித்துக்கொண்டிருந்த நூல் அங்கேயே அறுந்துபோகும். சேர்ந்து பேசி நினைவுபடுத்தும் குழு, அதே ஆட்கள் தனித்தனியாக எழுதியதைக் கூட்டிப் பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் நினைவுகூர்கிறது என்று வெல்டன், பெலிஞ்ஜர் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினார்கள். அதனால் முதல் கால் மணி நேரம் பேச்சே கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் எடுத்து, அன்றைய பாடத்தில் நினைவில் நிற்பதையெல்லாம் எழுத வேண்டும். அதற்குப் பிறகு தாள்களை மாற்றித் திருத்தலாம்.

தப்பாக எழுதியவள்தான் மறுநாள் அதை மற்ற மூவருக்கும் நடத்த வேண்டும். 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிக்கு, 74-ஆவது நகராட்சிக்கு. இதைக் குழப்பிக்கொண்ட பெண், மூன்று பேர் எதிரே நின்று விளக்கிவிட்டால் பிறகு லேசில் மறக்க மாட்டாள். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்த வழக்கம்தான். மூன்று நாள் விட்டு ஒரு முறை, வாரக் கடைசியில் ஒரு முறை அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

குரூப் 4-இல் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். நூல், ஆசிரியர், அடைமொழி என்று நினைவை நம்பி நிற்கும் கேள்விகள் அங்கேதான் நிறைய. குழு அதிகம் உதவுவதும் அங்கேதான். மனத்திறன் கணக்கு 25 கேள்விகளையும் அவள் தனியாக, கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டுப் பழகட்டும். விடை வராத கணக்கை மட்டும் தோழிகளிடம் கொண்டுபோனால் போதும்.

நான்கு பேர் சரியான அளவு. ஐந்தாவதாக, ஆறாவதாக யாராவது சேர வந்தால், மூன்று மூன்று பேராகப் பிரிந்து உட்காரச் சொல்லுங்கள். கூட்டம் பெருத்தால் கடைசியில் இருக்கிற பெண் பேசாமலே தலையாட்டிக்கொண்டிருப்பாள், அவளுக்கு வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் இப்படித் தலையாட்டியே ஒரு வருடத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கும்.

இருட்டிய பிறகு திரும்புகிறாள் என்ற கவலை உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதற்காகக் குழுவைக் கலைக்க வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வரச் சொல்லுங்கள், மற்ற நாட்களில் மற்றவர்கள் வீடு. எட்டாவது வரைதான் படித்தேன், எனக்கு என்ன தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு, பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்விகளை நீங்களே ஒவ்வொன்றாக வாசியுங்கள். நால்வரும் எழுதி முடிக்கிற வரைக்கும் விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.