டி24 செல்லில் ஈஜிஎஃப் வேலை செய்யவில்லையா?

செல்லை வளரத் தூண்டும் புரதமான ஈஜிஎஃப் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்தும் டி24 செல்லில் பாஸ்போ-ஈஆர்கே (பாஸ்பேட் ஏறி முடுக்கப்பட்ட ஈஆர்கே சமிக்ஞைப் புரதம்) பட்டை வெஸ்டர்ன் பிளாட்டில் மாறவில்லை, ஈஜிஎஃப் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ஈஜிஎஃப் சமிக்ஞையை ஈஆர்கேக்குக் கடத்துவது ராஸ் புரதம்; டி24 சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லின் எச்-ராஸ் புரதத்தில் 12ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின். 1982இல் கண்டுபிடித்த அதே மாற்றம். இதனால் ராஸ் என்ற சுவிட்ச் ஏற்கெனவே போட்டபடி இருக்கிறது, அதனால் ஈஜிஎஃப் தரும் வித்தியாசம் மங்கிவிடும்.

சரி, வளர்ப்பு ஊடகத்திலிருந்து சீரத்தை (இரத்தநீரை) நீக்கினீர்களா? 10% சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் நிறைய உண்டு. இரவு முழுக்கச் சீரமில்லாமல் வையுங்கள். அப்புறம் ஈஜிஎஃப் சேர்த்து 5, 10, 15 நிமிடங்களில் செல்லை எடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறிய சமிக்ஞை இறங்கியிருக்கும். செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்படேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி) தடுப்பானும் வேண்டும், நானே ஒருமுறை மறந்து ஒரு வாரம் வீணாக்கினேன். ஒப்பிட, ராஸ் மாற்றமில்லாத 5637 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.