இமையில்லாத ஜெனரல்: ஸ்டைன்ஹாஃப் பற்றி நீங்கள் கேட்டவை

யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப் முகம் ஏன் அப்படி இருக்கிறது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் பறந்த போர்விமானி அவர். 1945 ஏப்ரல் 18, மியூனிக் பக்கத்தில் ரீம் விமானதளம். குண்டு விழுந்து குழியான ஓடுபாதையில், எரிபொருள் நிரம்பிய மெ-262 ஜெட்டை, இறக்கைக்கடியில் ராக்கெட்டுகளோடு, மனிதர் மேலே எழுப்பப் பார்க்கிறார். சக்கரம் போனது, எழும்ப வேகம் போதவில்லை. விழுந்து எரிந்த விமானத்திலிருந்து உயிரோடு வந்தார், ஆனால் இமைகள் கருகிவிட்டன. 1969-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் புது இமை வைக்கும்வரை அவரால் கண்ணைச் சரியாக மூடவே முடியவில்லை. அந்தக் கண்ணோடுதான் மறுபடி ஜெட் ஓட்டினார், 1966-இல் மேற்கு ஜெர்மன் விமானப்படைத் தலைவரும் ஆனார்!

ஹிட்லருக்காகப் பறந்தவரை நேட்டோ எப்படிச் சேர்த்தது?

கடைசி மாதம்வரை பறந்தார், அதை மழுப்ப வேண்டாம். ஆனால் ஹிட்லரின் விமானப்படைத் தலைவரான கோரிங்கோடு முட்டிக்கொண்டவரும்கூட. 1943-இல் சிசிலியில், ஒவ்வொரு விமானப் பிரிவிலிருந்தும் ஒரு விமானியைக் கோழை என்று ராணுவ விசாரணைக்கு அனுப்பச் சொல்லி கோரிங்கிடமிருந்து உத்தரவு வந்தது. அந்தக் கசப்பு மனதிலேயே கிடந்து, 1945 ஜனவரியில் மற்ற தளபதிகளோடு சேர்ந்து கோரிங்கை எதிர்த்து நேருக்கு நேர் போய் நின்றார், பதவி போயிற்று. 1955-இல் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தபோது ஜெட் ஓட்டிய கைகள் தேவைப்பட்டன, பழைய ஆட்களை விட்டால் வேறு ஆளில்லை. 1971 முதல் 1974 வரை நேட்டோ ராணுவக் குழுவுக்கே தலைவராக இருந்தார்.

ஸ்டார்ஃபைட்டர் விபத்துகளை நிறுத்தியது அவர்தானா?

நிறுத்தவில்லை, குறைத்தார். என்னைக் கேட்டால் அவர் செய்த பெரிய வேலை இதுதான். தெளிந்த வானில் உயரப் பறந்து எதிரியை மறிக்கச் செய்த அமெரிக்க ஜெட்டான எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை, ஜெர்மனி கனமான கருவிகளை ஏற்றி, மேகமும் மழையுமான வானிலையில் தாழப் பறந்து குண்டுபோட வைத்தது. விமானிகளோ வெயில் கொளுத்தும் அரிசோனாவில் பழகி வந்தவர்கள். பராமரிக்க அனுபவசாலிகளும் போதவில்லை. அந்த விமானத்தை வாங்கியதே அரசியல் முடிவு என்று வெளிப்படையாகச் சொன்ன அன்றைய விமானப்படைத் தலைவர் பனிட்ஸ்கியின் பதவி பறிபோனது. அந்த நாற்காலியில்தான் இவர் உட்கார்ந்தார். பயிற்சியையும் பராமரிப்பையும் இறுக்கினார், தரையில் நிற்கும்போதுகூட விமானியை வெளியே தள்ளிக் காப்பாற்றும் மார்ட்டின்-பேக்கர் இருக்கைகளுக்கு மாற்ற வைத்தார். அப்படியும் மொத்தக் கணக்கு கொடுமைதான்: 916-இல் 292 விமானங்கள் விழுந்தன.

எத்தனை விமானங்களை வீழ்த்தினார்?

176.

ராணுவத்துக்குப் போகாவிட்டால் என்னவாகியிருப்பார்?

வாத்தியார்! யேனா பல்கலையில் மொழியியல் படித்தவர், வேலை கிடைக்காமல் 1934-இல் கடற்படையில் சேர்ந்து, அப்புறம்தான் விமானப்படைக்கு மாறினார்.