வினைல் வேலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டைச் சுற்றி வெள்ளை நிற வினைல் வேலி அமைத்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் குறுக்குச் சட்டங்கள் தூணோடு சேரும் இடங்களில் விரிசல் கண்டுவிட்டது. சில சட்டங்கள் நடுவில் வளைந்தும் நிற்கின்றன. எனக்கு மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: அப்படி முடிவு கட்டுவதற்கு முன், விரிசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலகைகளின் பரப்பெங்கும் நுண்ணிய கீறல்கள் ஓடி, தடவினால் விரலில் சுண்ணாம்புபோல் வெண்பொடி ஒட்டினால், பொருளைச் சந்தேகிக்கலாம். புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்காக பிவிசியில் (வினைல் வேலி செய்யப்படும் பிளாஸ்டிக்) கலக்கப்படும் டைட்டானியம் டையாக்சைடு குறைவாக இருக்கும்போது அப்படி நேரக்கூடும். உங்கள் வேலியிலோ விரிசல் இணைப்புகளில் மட்டும் இருக்கிறது. ஆகவே என் சந்தேகம் பொருத்தியவர்மீதுதான்.

வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்கும் இயல்பு பிவிசிக்கு எஃகைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். 2.4 மீட்டர் நீளமுள்ள ஒரு சட்டத்தின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். தூணின் துளைக்குள் அதற்கு இடம் விடாமல் இறுக்கமாகச் செருகியிருந்தால், நீளும் சட்டம் போக வழியின்றி நடுவில் வளைகிறது. இரு முனைகளையும் திருகாணியால் இறுக்கியிருந்தால், குளிரில் சுருங்கும்போது இழுபட்டுத் திருகாணித் துளையிலிருந்து பிளக்கிறது. உங்கள் வேலியில் இரண்டுமே நடந்திருப்பதாகத் தெரிகிறது. திருகாணிகளைக் கழற்றி, வளைந்த சட்டங்களின் முனைகளைச் சில மில்லிமீட்டர் அறுத்து, தூணுக்குள் அசைய இடமிருக்குமாறு மீண்டும் செருகுங்கள். திருகாணி தேவையான இடங்களில் துளையை நீள்வட்டமாக்கி, சட்டம் நகரும் அளவுக்குத் தளர்வாகவே முடுக்குங்கள். வெயிலில் சூடேறிய சட்டம் ஏற்கெனவே நீண்டிருக்கும் என்பதால், அளவெடுத்து அறுக்கும் வேலையைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வேலியின் ஒரே ஒரு பகுதி மட்டும் மெழுகுபோல் உருகிக் கோணலாகிவிட்டது. அருகில் அடுப்பு எதுவும் இல்லை. எதிரில் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னல் மட்டுமே இருக்கிறது.

பதில்: அந்தச் சன்னலேதான் காரணமாக இருக்க வேண்டும். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சு கொண்ட இரட்டைக் கண்ணாடிகள் சில நேரம் லேசாக உட்குழிந்து குழியாடிபோல் ஆகிவிடுகின்றன. வெயிலைக் குவித்து ஒரே இடத்தில் பாய்ச்சுகின்றன. பிவிசி 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும். கோணலான பலகையை நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒளி விழும் பாதையை மறைக்காமல் மாற்றினால் புதிய பலகைக்கும் அதே கதிதான். சன்னலின் வெளிப்புறத்தில் கொசுவலைச் சட்டம் பொருத்துவது எளிய வழி. வெள்ளை வேலிக்கு அடர்ந்த நிறம் பூசும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள், ஏனெனில் அடர்நிறம் வெப்பத்தை ஈர்க்கும்.

கேள்வி: நிழலான பகுதியில் படியும் பச்சைக் கறையைத் தின்னர் கொண்டு துடைக்கலாமா?

பதில்: கூடாது. தின்னரும் அசிட்டோனும் பிவிசியின் மேற்பரப்பையே கரைத்து மங்கச் செய்யும். அந்தப் பாசி வினைலைத் தின்பதில்லை. மேலே படிந்த தூசியிலும் ஈரத்திலும் வளர்கிறது. 3 பங்கு வினிகரை 7 பங்கு நீரில் கலந்து மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். கம்பித் தூரிகை வேண்டாம். அது விடும் கீறல்களில் அடுத்த முறை அழுக்கு இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

கேள்வி: புல்வெட்டும் இயந்திரம் பட்டுத் தூணின் அடியில் வெடிப்பு விழுந்துவிட்டது. தூணையே மாற்ற வேண்டுமா?

பதில்: சிறிய வெடிப்பானால் வேண்டாம். வெடிப்பைச் சுற்றித் துடைத்து உலரவிட்டு, பிவிசி குழாய்களை ஒட்டும் பசையை இட்டு, அதே வேலியின் மிச்சத் துண்டு ஒன்றை மேலே ஒட்டிவிடலாம். ஒட்டு கண்ணுக்குத் தெரியும், ஆனால் தாங்கும். பிளவு தூணைச் சுற்றி ஓடியிருந்தால் மாற்றுவதே சரி. வேலியின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் புல்லை அகற்றிச் சரளைக்கல் பரப்பிவிட்டால், இயந்திரத்தின் சுழலும் நைலான் இழையைத் தூணுக்கு அருகே கொண்டுசெல்ல வேண்டிய தேவையே இராது. கடுங்குளிரில் பிவிசி எளிதில் நொறுங்கும் தன்மை பெறுவதால், அந்த நாட்களில் ஏணி சாய்ப்பதையும் பந்து மோதுவதையும்கூடத் தவிர்க்க வேண்டும்.