பெடிக்யூர் செய்துவிடக் கற்றுக்கொள்கிறேன். தொற்று வராமல், காயம் படாமல் செய்வது எப்படி?

பாலிஷ் போடுவது பத்துப் பேருக்குப் போட்டால் கைக்கு வந்துவிடும். கவனமாகக் கற்க வேண்டியது வேறு: எந்தக் காலைத் தொடக் கூடாது, ஒருவர் காலில் பட்ட கருவியை அடுத்தவருக்கு எடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்.

முதலில் நல்ல வெளிச்சத்தில் விரலிடுக்கு வரை விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண், நகச்சுத்தி, ஆறாத வெட்டு, மஞ்சளாகத் தடித்துப் பொடியும் நகம் இருந்தால் அன்று வேலை வேண்டாம், டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். சர்க்கரை நோய் உண்டா என்று கேட்காமல் யார் காலையும் தண்ணீரில் வைக்காதீர்கள். மரத்துப்போன பாதத்துக்குச் சூடும் உறைக்காது, வெட்டும் உறைக்காது. சின்னக் கீறல்கூடப் பெரிய புண்ணாகும்.

முந்தைய நாளோ அன்று காலையோ ரேசரால் கால் முடி மழித்தவர்களை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரு சலூனில் கால் ஊறவைத்த நூறு பேருக்கு மேல் முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாக வந்தது. மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற கிருமி. சுழல்நீர்த் தொட்டியின் வடிகட்டித் தட்டுக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் அடைந்து கிடந்தன. மழித்துக்கொண்டு வந்தவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. அதனால் மோட்டார் இல்லாத வழுவழுப்பான பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். விலையும் குறைவு, கழுவவும் எளிது.

நகத்தை ஊறவைக்கும் முன்பே வெட்டி ஃபைல் செய்துவிடுங்கள். நகம் தண்ணீரை இழுத்து உப்பும். அந்த நிலையில் ஃபைல் போட்டால் நுனி அடுக்கடுக்காகப் பிரியும். மிகத் தடித்த நகத்தை மட்டும் ஊறிய பிறகு வெட்டலாம். நேராக வெட்டுங்கள், வெள்ளை நுனி ஒரு மில்லிமீட்டராவது இருக்கட்டும். மூலையைத் தோண்டி எடுத்தால் உள்ளே தங்கும் கூர்முனை வளரும்போது சதையில் குத்தும். பெருவிரல் சீழ் பிடித்து வருகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் 37 முதல் 40 டிகிரி, ஐந்து நிமிடம், கொஞ்சம் மென்மையான சோப்பு. அதற்கு மேல் ஊறினால் தோல் எளிதில் கிழியும். நகம் முளைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் கியூட்டிக்கிள் தோலைப் பஞ்சு சுற்றிய மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள், வெட்டாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் அடைத்திருப்பதே அந்தத் தோல்தான்.

குதிகாலுக்கு பிளேடு வேண்டவே வேண்டாம், வாடிக்கையாளர் கேட்டாலும். தடித்த தோல் அழுத்தத்தைத் தாங்கத்தான் உண்டாகிறது. மொத்தமாகச் சீவினால் நடக்க வலிக்கும், மறுபடி தடித்தே வளரும். கால் ஃபைலால் லேசாகத் தேய்த்து, இளஞ்சிவப்பு தெரியும் முன்பே நிறுத்துங்கள். ரத்தம் கசியும் பித்தவெடிப்பையும் கால் ஆணியையும் தொட வேண்டாம். சாதாரண வெடிப்புக்கு 10 சதவீத யூரியா கிரீமை இரவில் பூசச் சொல்லுங்கள்.

மெட்டியைப் பலர் கழற்ற மாட்டார்கள், வற்புறுத்தவும் வேண்டாம். அதை நகர்த்தி அடியில் துடைத்து ஈரமில்லாமல் காய வைத்தால் போதும். விரலிடுக்கிலும் அப்படியே, அங்கே கிரீம் படக் கூடாது. பாலிஷ் வேண்டுமென்றால் ரிமூவரால் நகத்தின் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு பேஸ் கோட், மெல்லியதாக இரண்டு கோட், டாப் கோட்.

இனி கருவிகள். உலோகக் கருவியைச் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காய வைத்து, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முழுதாக மூழ்க வைத்துப் பத்து நிமிடம். அழுக்கோடு போட்டால் மருந்து உள்ளே எட்டாது. ஈரத்தோடு போட்டால் நீர்த்துப் போகும். 99 சதவீதம் இன்னும் வலுவாக இருக்குமே என்று வாங்காதீர்கள். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும், தவிர அது சீக்கிரம் ஆவியாகிவிடும். கருவிகளை வைக்கும் நீல விளக்கு (UV) பெட்டிகள் ஒளி படும் பக்கத்தை மட்டுமே பார்க்கும், கருவியின் கீலுக்குள் ஒளி போகாது. தண்ணீரில் நாலு சொட்டு டெட்டால் விடுவது வாசனைக்குத்தான்.

ரத்தம் வந்தால் உடனே நிறுத்தி, கையுறை போட்டு, சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ரத்தம் பட்ட கருவிக்கு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி)தான், 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம். நக ஃபைல், மரக்குச்சி, தேய்க்கும் கல் எல்லாம் நுண்துளை உள்ளவை, எதில் ஊறவைத்தாலும் சுத்தமாகாது. ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் அவரிடமே கொடுங்கள் அல்லது குப்பையில் போடுங்கள். உலோகக் கருவிகளில் மூன்று செட் வைத்துக்கொண்டால் அவசரத்தில் பத்து நிமிடத்தை நான்காகக் குறைக்கும் ஆசை வராது.

டப்பை ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்பால் தேய்த்துக் கழுவி, 5 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிடம் நிரப்பி வையுங்கள். டாய்லெட் ஆசிட் எதுவும் அதில் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள்.